பழைய காரில் மிஸ்ஸிங்: காரணம் தேடும்போது நேரும் தவறுகள்

இன்ஜின் மிஸ் அடிக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் விக்குகிறது என்று தெரிந்ததும் கை நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குத்தான் போகும். கண்ணுக்கு எதிரே இருக்கிறது, ஸ்க்ரூக்கள் வெளியே தெரிகின்றன, கொஞ்சம் திருகினாலே சத்தம் மாறுகிறது. சத்தம் மாறியதும் சரியான இடத்தைத் தொட்டுவிட்டோம் என்று தோன்றும். ஆனால் பாயின்ட் (கரண்டை விட்டுவிட்டுத் தந்து ஸ்பார்க்கை உண்டாக்கும் சிறு சுவிட்ச்) வைத்த பழைய கார்களில் பெரும்பாலான மிஸ்ஸிங் இக்னிஷன், அதாவது ஸ்பார்க் தரும் பக்கம்தான் இருக்கும். அதை விட்டுவிட்டு மிக்ஸ்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவையை) மாற்றும் ஸ்க்ரூவைத் திருகினால் இருந்த ஒரு கோளாறு இரண்டாகிவிடும். பிறகு ஸ்பார்க்குக்கான உயர் வோல்டேஜைத் தரும் காயிலை மாற்றிச் சரிசெய்தாலும் வண்டி நன்றாக ஓடாது, ஏனென்றால் மிக்ஸ்சர் இப்போது தப்பாக இருக்கிறது. இக்னிஷன் சரி என்று உறுதியாகும் வரை கார்புரேட்டரைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால், ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருகினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, எப்போது மிஸ் ஆகிறது என்று கவனிக்க வேண்டும். இதைச் செய்யாமல் தொடங்குவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். ஐடிலிங்கில் மட்டும் தடுமாறி, வேகம் ஏறியதும் சரியாகிவிட்டால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, அல்லது ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மேட்டில் ஏறும்போது மட்டும் விக்கினால் ஸ்பார்க் பலவீனம், அல்லது பெட்ரோல் போதவில்லை. வண்டி நன்றாகச் சூடான பிறகுதான் வருகிறதென்றால் காயில், பாயின்ட்டோடு இணைந்திருக்கும் கண்டென்சர் இரண்டையும் முதலில் சந்தேகப்படலாம். மழையிலும் அதிகாலைப் பனியிலும் மட்டும் வந்தால் கரண்டை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பிலும் (மூடியிலும்) பிளக் வயர்களிலும் ஈரம் வழியாகக் கரண்ட் கசிகிறது. இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், கசிகிற இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கிப் பார்க்கிறார்கள். அந்த வயரில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் வரும் என்பதால் ஆளுக்கு ஆபத்து. பிடுங்கிய வயர் அந்தரத்தில் தொங்கினால் வெளியே போக வழியில்லாத கரண்ட் காயிலின் உள்ளேயோ, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் வழியாகவோ பாதை தேடும். நல்ல காயில் அப்படியும் கெட்டுப்போகும். அதனால் இன்ஜினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் பாடியோடு ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் இன்னும் மோசமானால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் வேலை செய்யாத சிலிண்டர் அதுதான். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து செத்திருந்தால், இரண்டுக்கும் நடுவே, சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு முன் பிளக் வயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்று ஃபயரிங் ஆர்டரை (சிலிண்டர்கள் எரியும் வரிசையை)ப் பார்த்துவிடுங்கள். பல நாலு சிலிண்டர் இன்ஜின்களில் அது 1-3-4-2.

ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் இருந்தால் அதை டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்) வைக்க மட்டும் எடுப்பது வீண். காயிலிலிருந்து கேப்புக்குப் போகும் நடு வயரில் அதன் கிளிப்பை மாட்டி வெளிச்சத்தைப் பாருங்கள். இன்ஜின் விக்கும் அதே நேரத்தில் வெளிச்சமும் விட்டுப் போனால் கோளாறு பாயின்ட், கண்டென்சர், காயில், அவற்றுக்கு வரும் வயரிங் ஆகியவற்றில் இருக்கிறது. நடு வயரில் சீராக வந்து, பிளக் வயரில் விட்டுவிட்டு வந்தால் ரோட்டர், கேப் அல்லது அந்த வயர். பிளக் வயரிலும் சீராக வந்தால் பிளக்கையோ பெட்ரோலையோ கம்ப்ரெஷனையோ (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தையோ) பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை இது, தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இப்போது புதுப் பார்ட்ஸ் விஷயம். பிளக், பாயின்ட், கண்டென்சர், ரோட்டர், கேப் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுவது பலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் வண்டி சரியானாலும் எது காரணம் என்று தெரியாது. சரியாகவில்லையென்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் 'அதுதான் புதுசாயிற்றே' என்று அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம். இன்று கிடைக்கும் கண்டென்சர்களில் சூடானதும் படுத்துவிடுபவை நிறைய இருக்கின்றன. நடுவில் பித்தளை ரிவெட் அடித்த மலிவு ரோட்டர்களில், அந்த ரிவெட்டிலிருந்து கீழே இருக்கும் ஷாஃப்டுக்கே பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கரண்ட் இறங்கிவிடும். மேலே பார்த்தால் ரோட்டர் பளபளவென்று இருக்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பார்ட்டை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய பழையதைத் தூக்கி எறியாதீர்கள். முப்பது வருடம் ஓடிய ரோட்டர் இன்னும் முப்பது வருடம் ஓடினாலும் ஆச்சரியமில்லை.

காயில் வாங்கும்போது 12 வோல்ட் என்று மட்டும் பார்ப்பது போதாது. காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பாலாஸ்ட் ரெசிஸ்டர் இல்லாத வண்டிக்கு, பிரைமரியில் (இரண்டு சிறிய முனைகளுக்கு நடுவே) சுமார் 3 ஓம் காட்டும் காயில் வேண்டும். ரெசிஸ்டர் இருந்தால் சுமார் 1.5 ஓம். மாற்றிப் போட்டால் ஒன்று காயில் கொதிக்கும், அல்லது ஸ்பார்க் நோஞ்சானாக வரும். இன்னொன்று, பாசிட்டிவ் எர்த்தாக (பாட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்ததாக) இருந்த காரை நெகட்டிவுக்கு மாற்றியவர்கள் காயிலின் இரண்டு சிறிய வயர்களையும் இடம் மாற்ற மறந்திருப்பார்கள். வண்டி ஓடும், ஆனால் ஸ்பார்க்குக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுவதால் லோடு ஏறும்போது மிஸ் ஆகும்.

டைமிங் வைத்த பிறகு பாயின்ட்டின் இடைவெளியை வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங் தானாகவே மாறிவிடும். இடைவெளி கூடினால் ஸ்பார்க் முன்கூட்டியே வரும், குறைந்தால் தாமதமாகும். எனவே முதலில் பாயின்ட், அப்புறம் டைமிங். பல கார்களில் பாயின்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் என்றாலும் உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவையே வையுங்கள். பாயின்ட் முகத்தில் மேடும் குழியும் விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் தப்பான அளவு சொல்லும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் ஆடினால் எந்த அளவு வைத்தாலும் நிற்காது.

என் காரில் ஐடிலிங் அருமையாக இருக்கும், ஆக்சிலேட்டரை லேசாக மிதித்ததும் விக்கும். வாரக்கணக்கில் கார்புரேட்டரின் ஜெட்டையும் ஃப்ளோட்டையும் கழற்றி மாட்டினேன். கடைசியில் பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் உட்காரும் தட்டை எர்த் செய்யும் குட்டி வயர், உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்தள்ளும் வாக்யூம் அட்வான்ஸ் தட்டைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. உறை முழுசாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வாக்யூம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். இதே அறிகுறி உள்ள எல்லாரிடமும் முதலில் இந்தச் சோதனையைத்தான் செய்யச் சொல்கிறேன்.

பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்து, 'கரண்ட் வருகிறது, இக்னிஷன் ஓகே' என்று முடிவுகட்டுவதும் தவறு. வெளிக்காற்றில் தாண்டுகிற ஸ்பார்க், சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறிய நிலையில் தாண்டாமல் போகலாம். அதேபோல, ஐடிலிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைப் பார்த்து மிக்ஸ்சரைக் கணிக்காதீர்கள். எந்தப் பிளக்கும் அப்போது கறுப்பாகத்தான் இருக்கும். நல்ல வேகத்தில் ஓட்டி, ஓரமாக நிறுத்தி, உடனே கழற்றிப் பாருங்கள்.

வெயிலில் நின்றுபோனால் எல்லாரும் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவியாகித் தடைபடுவது) என்று சொல்லிவிடுகிறார்கள். காயில் சூடேறிப் படுத்தாலும் அச்சு அசல் அதே மாதிரிதான் நிற்கும், ஆறியதும் கிளம்பும். வண்டி நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க் இருக்கிறதா, கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் நன்றாகவே இருக்கும். டாங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். மூடியைத் தளர்த்தியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டி கிளம்பிவிட்டால் காரணம் அதுதான்.

ஏர் லீக் தேடுகிறேன் என்று சூடான மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயில்) பெட்ரோல் தெளிப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தீப்பிடிக்கும். சந்தேகமான இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தாலே போதும். அது உள்ளே இழுக்கப்பட்டு, ஐடிலிங் சத்தம் ஒரு நொடி மாறும்.

டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தமே இல்லாமல் இருந்தால் நல்லது என்று நினைத்து, அதன் இடைவெளியைக் குறைத்து இறுக்கி வைப்பவர்களும் உண்டு. இறுக்கமாக இருந்தால் சூட்டில் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாது, கொஞ்ச நாளில் விளிம்பு எரிந்துபோகும். சந்தேகம் இருந்தால் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்துக் கம்ப்ரெஷன் பாருங்கள். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட், பெரும்பாலும் ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.