ஃபோவும் சுஷியும் ஒரே மேசையில்

வியட்நாமின் நூடுல்ஸ் சூப்பான ஃபோ, ஜப்பானின் சோற்று உணவான சுஷி இரண்டையும் ஒரே வேளையில் கேட்டால் சுஷியை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். சேர்ந்து வந்தால், ஃபோவின் அரிசி நூடுல்ஸ் சாற்றில் ஊறிக் குழைந்துவிடும்.

நிகிரியை, அதாவது சோற்று உருண்டைமேல் மீன் துண்டு வைத்த சுஷியை, கையாலேயே எடுக்கலாம். கவிழ்த்து, மீன் பக்கம் மட்டும் சோயா சாஸில் தொடுங்கள். சோறு நனைந்தால் உதிர்ந்துவிடும்.

ஃபோ வந்ததும் வெறும் சாற்றை இரண்டு கரண்டி குடித்துப் பாருங்கள். எலும்பும் அன்னாசிப்பூவும் பட்டையும் மணிக்கணக்கில் கொதித்த சாறு அது. ருசி பார்க்காமல் ஹோய்சின் என்ற இனிப்பான கெட்டி சாஸை ஊற்றுவது அநியாயம். சாஸைச் சிறு தட்டில் வைத்து இறைச்சியைத் தொட்டுக்கொள்ளுங்கள். பச்சையாக வரும் மாட்டிறைச்சித் துண்டுகளை உடனே சாற்றுக்குள் அழுத்துங்கள், ஆறினால் வேகாது. முளைப்பயறும் அப்போதே. எலுமிச்சையைக் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக.

சைவர்கள் காய்கறி ஃபோவில் மீன் சாஸ் இருக்கிறதா, மிசோ (புளித்த சோயா விழுது) சூப்பில் மீன் சாறு உண்டா என்று கேட்டே வாங்குங்கள்.