கம்போங் ச்னாங்கில் கப்பல் நிற்கும் அரைநாள்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கம்போடியாவில் சியம் ரீப்புக்கும் புனோம் பென்னுக்கும் நடுவே ஆற்றுக் கப்பலில் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் கம்போங் ச்னாங் என்று ஒரு நிறுத்தம் அடிக்கடி வரும். தோன்லே சாப் ஏரி ஆறாகக் குறுகும் இடத்தில் இருக்கும் மீன்பிடி ஊர். அங்கோர் வாட்டுக்காக வாரக்கணக்கில் படித்துவிட்டு வருகிறவர்கள்கூட இந்த ஊரைப் பற்றி ஒரு வரி தெரியாமல் இறங்குகிறார்கள். கையில் இருப்பது மூன்று, நான்கு மணி நேரம். அதில் ஐந்து இடம் பார்க்கத் திட்டம் போட்டால் டுக்-டுக் என்கிற ஆட்டோவிலேயே நேரம் போய்விடும். நீரில் ஒன்று, நிலத்தில் ஒன்று, இவ்வளவு போதும் என்பது என் கட்சி. கீழே இருப்பதெல்லாம் அந்தக் கணக்கில் போட்டதுதான்.

படி 1: ஊரையும் மாதத்தையும் சரி பாருங்கள்

கம்போங் என்று தொடங்கும் ஊர்கள் கம்போடியாவில் நிறைய. கம்போங் சாம் மேகாங் ஆற்றின் கரையில் இருக்கிறது. கம்போங் தோம் ஏரிக்கு அந்தப் பக்கம். கம்போங் த்ரலாச் இதே மாகாணத்தில், புனோம் பென்னுக்கு இன்னும் கிட்டத்தில். பல கப்பல்கள் அங்கேயும் நிற்கும். பயணத் திட்டத்தில் எழுத்தைக் கூட்டிப் படித்து, எது உங்கள் ஊர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து மாதம். இந்த ஏரியில் நீங்கள் காணப்போவது என்ன என்பதை முடிவு செய்வது மாதம்தான். மழைக்காலத்தில் மேகாங் பெருகும்போது, அதில் போய்ச் சேர வேண்டிய தோன்லே சாப் ஆறு எதிர்த்திசையில் திரும்பி ஏரிக்குள் பாயும். சுமார் ஜூன் முதல் அக்டோபர் வரை இப்படி. மழை ஓய்ந்து மேகாங் இறங்கியதும் ஆறு மறுபடி திரும்பி ஏரித் தண்ணீரை வெளியே கொண்டுபோகும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடக்கும் ஏரி, வெள்ளத்தில் 15,000 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரியும். கோடையில் ஓர் ஆள் இடுப்பளவு, மார்பளவு ஆழம்தான் இருக்கும் இடத்தில் வெள்ளத்தின்போது எட்டு, ஒன்பது மீட்டர் தண்ணீர் நிற்கும்.

இதில் உங்களுக்கு என்ன? நீர் உயரமாக இருக்கும் மாதங்களில் கப்பல் ஏரியைக் கடந்தே வரும். தண்ணீர் வற்றிய மாதங்களில் பெரிய கப்பல் ஏரிக்குள் போக முடியாது. அப்போது சில நிறுவனங்கள் சியம் ரீப்பிலிருந்து பேருந்தில் அழைத்து வந்து கீழே எங்காவது கப்பலில் ஏற்றுவார்கள். அந்த 'எங்காவது' சில சமயம் கம்போங் ச்னாங்காகவே இருக்கும். அப்படியானால் ஊர் பார்க்க நேரம் தருகிறார்களா, நேராக ஏற்றிவிடுகிறார்களா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.

படி 2: முந்தின இரவு வேலைகள்

மறுநாள் நிகழ்ச்சிநிரல் தாளை அறையில் வைத்துவிட்டுப் போவார்கள். அதில் கப்பல் கிளம்பும் நேரம், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் என்று இரண்டு இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. தாளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் தொடர்பு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்போடிய நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும். கைக்கடிகாரத்தை மாற்றாமல் இருப்பவர்கள் இன்றே மாற்றிவிடுங்கள்.

பணம்: டாலரும் கம்போடியப் பணமான ரியெலும் இரண்டும் ஓடும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியெல். சில்லறை ரியெலில்தான் திரும்பி வரும், நாணயம் கிடையாது. ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள், சின்னக் கிழிசலாக இருந்தாலும் சரி. சிறிய நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

தோளும் முழங்காலும் மூடும் பருத்தி உடை, தொப்பி, தண்ணீர், பாஸ்போர்ட் நகல். பை முடிந்தது.

படி 3: கரையில் ஏறும்போது

சரி, கப்பல் நின்றுவிட்டது. பெரிய துறைமுகம் போல எதையும் எதிர்பார்க்காதீர்கள். நீர்மட்டம் வருடத்துக்குள் பல மீட்டர் ஏறி இறங்குவதால் ஒரே உயரத்தில் மேடை கட்டி வைத்துப் பயனில்லை. நவம்பரில் பலகையில் நாலு எட்டு வைத்தால் கரை. ஏப்ரலில் அதே இடத்தில் செங்குத்தான மண்கரையில் ஏற வேண்டிவரும், மழை பெய்திருந்தால் களிமண் வழுக்கும். வழவழ அடிப்பாகம் உள்ள செருப்பு வேண்டாம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கூட வந்தால், பணியாளர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கை கொடுத்து ஏற்றிவிடுவார்கள்.

படி 4: முதலில் படகு

வெயில் ஏறுவதற்குள் நீர்ப்பக்கத்தை முடித்துவிடுங்கள். எட்டு மணிக்குமேல் ஏரி மேற்பரப்பிலிருந்து வரும் கூச்சமே கண்ணைச் சுருக்க வைக்கும். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் சுற்றுலா இருந்தால் அதில் போவது எளிது. அந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்பது இன்னொரு வசதி. தனியாகப் போனால் காத்திருக்காது. தனியாகப் போகிறவர்களுக்கு ஆற்றங்கரையில் படகுக்காரர்கள் இருப்பார்கள். மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு நேரம், மொத்தம் எவ்வளவு என்று ஏறுமுன் பேசி, திரும்பி வந்தபின் கொடுங்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில் ஏறாதீர்கள்.

இங்கேதான் மிதக்கும் வீடுகள் இருக்கின்றன. மூங்கில் கட்டுகளின்மேலும் பீப்பாய்களின்மேலும் நிற்கும் மரவீடுகள். நீர் ஏறினால் வீடும் ஏறும். ஒரு வீட்டை நிதானமாகப் பாருங்கள். முன்திண்ணையில் அடுப்பு, பக்கத்தில் செடித்தொட்டி, ஓர் ஊஞ்சல் தூளி. பல வீடுகளுக்கு அடியில் மீன் கூண்டு தொங்கும். மேலே மனிதர் தூங்க, கீழே விராலும் கெளுத்தியும் வளரும். அங்காடிகூடப் படகில்தான் வருகிறது. காய்கறி, நூடுல்ஸ், சோப்பு எல்லாம் அடுக்கி, வீடு வீடாக ஒரு பெண்மணி துடுப்புப் போட்டுப் போவார்.

இந்த வீடுகளில் பெரும்பாலோர் வியட்நாமிய வம்சாவளிக் குடும்பங்கள். தலைமுறைகளாக இங்கே இருந்தும் பலருக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடையாது. 2018 முதல் அரசு நிர்வாகம் நூற்றுக்கணக்கான குடும்பங்களை நீரிலிருந்து எழுப்பிக் கரைக்கு மாற்றியது. அதனால் பழைய படங்களில் பார்த்த அளவுக்கு வீடுகள் இப்போது இருக்காது. எங்கே போய்விட்டன என்று படகுக்காரரைத் துருவ வேண்டாம், அது அவருக்குச் சங்கடமான பேச்சாகவும் இருக்கலாம்.

கேமரா பற்றி ஒன்று. சுவர் இல்லாத வீடு என்பதால் அது பொது இடம் ஆகிவிடாது. குளிப்பவர்களையும் சாப்பிடுகிறவர்களையும் எடுக்காதீர்கள். மற்றபடி கேமராவைக் காட்டிச் சிரித்தால் தலையாட்டுவார்கள். குழந்தைகள் படகை நெருங்கிக் கை நீட்டினால் காசு தராமல் இருப்பது நல்லது. காசு வரும் என்று தெரிந்தால் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாகப் படகுக்கு அனுப்பத் தோன்றும்.

படி 5: கரையோரச் சந்தையில் அரைமணி

படகு இறங்கியதும் ஆற்றங்கரைச் சந்தை பக்கத்திலேயே இருக்கும். ப்சார் க்ரோம் என்று கேளுங்கள். ஊருக்குள் இருக்கும் ப்சார் லெவு வேறு, அதற்குப் போக நேரம் இல்லை.

மீன் பக்கம் போனால் விராலைத் தொட்டியில் உயிரோடு பார்க்கலாம். கூடை கூடையாகக் கிடக்கும் சிறிய வெள்ளி மீன்தான் த்ரே ரியெல். வெள்ளம் வடியும் காலத்தில், டிசம்பர், ஜனவரி வாக்கில், இது ஏரியிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆற்றில் இறங்கும். அந்த நாட்களில் தலை கிள்ளி, நசுக்கி, கழுவி, உப்பிட்டு ஊறவைத்து, வருடம் முழுவதும் சமையலுக்கு ஆகும் ப்ரஹோக் செய்வார்கள். அந்த வாசனை முகத்தில் அடிக்கும். கருவாட்டு வாசனைக்குப் பழகியவர்களுக்கே முதலில் மூச்சு நிற்கும், அப்புறம் சரியாகிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மட்டும் நடக்காதீர்கள். விற்கிற அம்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: காய்கறிப் பொரியல் என்று தருவதிலும் மீன் சாறு இருக்கும். சந்தையில் பழம், வாழைப்பழ பஜ்ஜி மாதிரியான பண்டம், இவற்றோடு நிறுத்திக்கொண்டு சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்புவதே உத்தமம்.

படி 6: பானை செய்யும் கிராமம்

நிலத்தில் ஒன்று என்று சொன்னேனே, அது அந்தோங் ரூசே. ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர் அளவில் இருக்கும் கிராமம். டுக்-டுக் ஓட்டுநரிடம் போக, அங்கே காத்திருக்க, திரும்ப என்று மூன்றையும் சேர்த்து ஒரே விலை பேசுங்கள். போனில் எடுத்து வைத்த தாளைக் காட்டி, இந்த நேரத்துக்குக் கப்பலில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

வழியெங்கும் வயல், வயலெங்கும் பனை. நம்முடைய அதே பனைதான், அங்கே தேசிய மரம். வறண்ட மாதங்களில் மூங்கில் ஏணி சாய்த்து ஏறி, பாளையில் மூங்கில் குழாய் கட்டிச் சாறு இறக்குவார்கள். காலையில் இறக்கியதைக் கண்டால் ஒரு குவளை குடித்துப் பாருங்கள். மதியத்துக்குமேல் புளித்துவிடும்.

கிராமத்தில் வீட்டுக்கு அடியில்தான் வேலை நடக்கும். கால்களின்மேல் நிற்கும் வீடு, கீழே நிழல், அங்கே ஒரு மரக்கட்டை, அதன்மேல் களிமண். நம் ஊரில் சக்கரம் சுற்றும், குயவர் உட்கார்ந்திருப்பார். இங்கே பானை அசையாமல் நிற்க, செய்கிற பெண்தான் அதைச் சுற்றிச் சுற்றிப் பின்வாட்டில் நடக்கிறார். ஈரத் துணியை விளிம்பில் பிடித்தபடி ஒரு சுற்று, வாய் வட்டமாகிவிடுகிறது. வயிறு பருக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல், வெளியே மறுகையில் தட்டுப்பலகை. டப் டப்பென்று அந்தச் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்தும் கேட்கும். காய்ந்தபின் சூளை இல்லாமல் வெட்டவெளியிலேயே விறகும் வைக்கோலும் போட்டுச் சுடுகிறார்கள். சில வீடுகளில் இப்போது சக்கரமும் வந்திருக்கிறது. நடந்து செய்கிற வீட்டைக் காட்டச் சொல்லி ஓட்டுநரிடம் கேளுங்கள். இந்தப் பானைகளை மாட்டுவண்டியில் மலைபோல ஏற்றி, வாரக்கணக்கில் ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு மாற்றிவிட்டு வருவது பழைய வழக்கம்.

இரு கை கூப்பி வணங்கினால் போதும், அங்கேயும் அதுதான் மரியாதை. கிளம்பும்போது 'ஓர்குன்', அதாவது நன்றி. வேடிக்கை பார்த்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். ஓர் அகல் அளவு பொருளாவது வாங்குங்கள், விலை மிகக் குறைவு. அதில் பேரம் வேண்டாம் என்பேன்.

ஊருக்கு வெளியே, கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கம் கம்போடியாவை ஆண்ட 1975–79 காலத்தில் சீன உதவியோடு, கைதிகளைக் கட்டாயமாக வேலை வாங்கி அமைத்த விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதையும் ஒரு எட்டு பார்க்கலாமா என்று ஓட்டுநர் கேட்கக்கூடும். அங்கே செத்தவர்கள் ஏராளம். பத்து நிமிடம் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஓடி வரும் இடமல்ல அது. இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

படி 7: கப்பலுக்குத் திரும்புதல்

ஏற வேண்டிய நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாகக் கரைக்கு வந்துவிடுங்கள். வாகனம் பஞ்சரானாலும் சமாளிக்க அந்த இடைவெளி வேண்டும். மீதி நேரம் இருந்தால் கரையோரத்தில் கரும்புச்சாறு குடிக்கலாம், ஐஸ் வேண்டாம் என்று சொல்லி.

வாங்கின பானை குறைந்த சூட்டில் சுட்டது, லேசாக இடித்தாலே விரியும். சந்தையில் க்ராமா என்கிற கட்டம் போட்ட பருத்தித் துண்டு கிடைக்கும். பானைக்குள் காலுறையைத் திணித்து, அந்தத் துண்டில் இரண்டு சுற்று சுற்றி, விமானத்தில் கைப்பையிலேயே வையுங்கள். ப்ரஹோக் வாங்கியிருந்தால் கப்பலில் ஏறும்போதே பணியாளரிடம் சொல்லி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், அறைக்குள் திறக்கவே கூடாது.