தையல் வலியும் மலச்சிக்கலும்: பிரசவத்துக்குப் பின் எனக்குக் கைகொடுத்தவை

சுகப்பிரசவம்தான் என்றாலும், குழந்தையின் தலை வெளிவருவதற்காகப் பிறப்புவாயின் ஓரத்தை வெட்டித் தைத்திருந்ததால், வீடு திரும்பிய பின் தையல் வலியைவிட மலச்சிக்கலே எனக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அடக்கி வைக்க வைக்க, மலம் மேலும் இறுகியது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிடச் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் மலத்தை இறுக்கும் குணம் உண்டு. போதாக்குறைக்கு, தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று அம்மா அளந்துதான் கொடுத்தார்.

மாத்திரையை நிறுத்தாமல் தண்ணீரைக் கூட்டும்படி மருத்துவர் சொன்னார். பாலூட்ட உட்காரும்போதெல்லாம் ஒரு சொம்பு வெந்நீரை அருகில் வைத்துக்கொண்டேன். பத்தியத்துப் பூண்டுக் குழம்பை விடாமலேயே முருங்கைக்கீரைப் பொரியலும் அவரைக்காய்க் கூட்டும் சேர்த்துக்கொண்டதில் அம்மாவுக்கும் மனத்தாங்கல் இல்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மலமிளக்கியை இரவில் குடித்தேன். கழிவறையில் காலடியில் சிறு முக்காலி வைத்து, சற்று முன்னோக்கிச் சாய்ந்து, சுத்தமான துணியைத் தையலின் மேல் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டால், முக்க வேண்டிய அவசியமும் பயமும் வெகுவாகக் குறைகின்றன. இதைப் பேறுகாலத்துக்கு முன்பே ஏன் யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.

சிறுநீர் எரிச்சலுக்கு, கழிக்கும்போதே வெதுவெதுப்பான நீரை ஊற்றிக்கொள்வது போதுமானதாக இருந்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தையலில் பூச வந்த பாட்டியை மட்டும் தடுத்துவிட்டேன். காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தையலில் சீழ், அல்லது ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனையும் அளவு ரத்தப்போக்கு இருந்தால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.