கடலடி மர்மங்களும் வேற்றுக்கிரகக் கதைகளும்: வீடியோவைப் பார்த்ததும் நாம் செய்யும் தவறுகள்

வேலூர்க்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். ஆனால் வட ஐரோப்பாவின் பால்டிக் கடலின் அடியில் கிடக்கும் 'பறக்கும் தட்டு' பற்றி டீக்கடையில் பேச்செடுத்தால் விவரம் சொல்ல ஒருவராவது இருப்பார். அதைப் பற்றிய வீடியோ பழசுதான். ஆனாலும் திகில் இசையோடு, 'விஞ்ஞானிகள் அதிர்ச்சி' என்ற தலைப்போடு, புதுசு மாதிரியே குடும்பக் குழுவுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

வேறு கிரகங்களில் உயிர் இருக்குமா என்பது நியாயமான கேள்வி. அதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை. கருவி அளந்தது ஒன்று, அதற்கு மனிதர்கள் கட்டிய கதை இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

பால்டிக்கையே எடுத்துக்கொள்வோம். 2011 ஜூனில், மூழ்கிய கப்பல்களைத் தேடிப் போகும் ஓஷன் எக்ஸ் என்ற ஸ்வீடன் குழு, ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் 60 மீட்டர் அகலமுள்ள வட்ட உருவம் ஒன்றைப் பதிவு செய்தது. நாம் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். அதை போட்டோ என்று நம்புவது முதல் தவறு. அது சோனார் படம். படகுக்குப் பின்னால் கேபிளில் இழுத்துச் செல்லும் கருவி இரண்டு பக்கமும் ஒலித்துடிப்புகளை அனுப்பும். எதிரொலி எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பது மட்டுமே பதிவாகும். பாறை ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். மென்மையான சேற்றிலிருந்து வருவது குறைவு. மேடான பொருளுக்குப் பின்னால் ஒலி போய்ச் சேராததால் அங்கே கறுப்பாக நிழல் விழும். கதை சொல்பவர்கள் கையில் அந்த நிழல் 'கதவு' ஆகும், 'படிக்கட்டு' ஆகும். படகின் வேகம் மாறினால், கருவி ஆடினால், உருவம் நீளும் அல்லது நசுங்கும். இந்தப் பதிவைப் பார்த்த அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தின் ஹனுமந்த் சிங், இவ்வளவு சிதைவும் இரைச்சலும் உள்ள படத்தை வைத்து எதையும் அடையாளம் காண முடியாது என்று சொல்லிவிட்டார். வீடியோக்களில் பளபளக்கும் உலோகத் தட்டோ, ஓவியர் கணினியில் வரைந்தது.

"அப்போ அங்க போனதும் கருவிங்க ஏன் ஆஃப் ஆச்சு மாமா?" என்று என் அக்கா மகன் கேட்டான். நல்ல கேள்வி. கருவிகள் நின்றுபோனதாகச் சொன்னது அதே குழுதான். வேறு யாரும் அங்கே போய் அளந்து உறுதி செய்யவில்லை. கண்டுபிடித்தவர், சாட்சி, விளம்பரம் செய்பவர் மூவரும் ஒருவரே என்றால் கொஞ்சம் பொறுத்துத்தான் நம்ப வேண்டும்.

அவர்கள் மேலே கொண்டுவந்த கற்களை ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக நிலவியலாளர் ஃபோல்கர் ப்ரூகெர்ட் ஆராய்ந்தார். பெரும்பாலானவை கிரானைட், நைஸ் என்ற வரிவரியான பாறை, மணற்கல். கூடவே ஒரு எரிமலைப் பாறைத் துண்டு. பனியுகத்துப் பனிப்பாறைகள் எங்கிருந்தோ இழுத்துவந்து போட்டவை என்பது அவர் விளக்கம். வீடியோக்கள் அந்த ஒற்றை எரிமலைத் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டன.

'இயற்கையில் இவ்வளவு ஒழுங்கு வராது' என்று ஒரு வாதம் உண்டு. வேலூரில் இருந்துகொண்டு இதைச் சொல்வதுதான் எனக்கு வேடிக்கை. நம்மைச் சுற்றியுள்ள மலைகளில் யாரோ அடுக்கி வைத்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள் நிற்கின்றன. விரிசலில் நீர் இறங்கி, மூலைகள் முதலில் சிதைந்து உதிர, மிச்சம் உருண்டையாகிறது. அவ்வளவுதான். 2022இல் ஹவாய்க்கு அப்பால் கடலடியில் தெரிந்த 'மஞ்சள் செங்கல் சாலை'யும் எரிமலைப் பாறை செங்கோணமாக வெடித்ததால் வந்தது. 1964இல் எல்டானின் என்ற ஆய்வுக் கப்பல், தென் அமெரிக்க முனைக்கு மேற்கே 3,900 மீட்டர் ஆழத்தில் டிவி ஆன்டெனா போன்ற ஒன்றைப் படமெடுத்தது. அது கடற்பஞ்சு என்ற கடலுயிர் என்று 1971இலேயே எழுதிவிட்டார்கள். இன்றும் அதை ஆன்டெனாவாகவே சுற்றவிடுகிறார்கள். 2009இல் கூகுள் எர்த்தில் தெரிந்த 'அட்லாண்டிஸ் தெருக்கள்', ஆழம் அளந்த கப்பல்கள் போய்வந்த தடங்கள்.

காரணம் தெரியாத இடத்தை வானத்தைக் கொண்டு நிரப்பும் அவசரம் நம்மூரிலும் நடந்தது. 2016 பிப்ரவரி 6, அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விழுந்தது விண்கல் என்று மாநில அரசே அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா, இது தரையில் நடந்த வெடிப்போடுதான் பொருந்துகிறது என்றது. முதல் அறிவிப்பு பரவிய வேகத்தில் இந்த மறுப்பு பரவவில்லை.

நிதானத்துக்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில், யுரேனஸுக்குப் பின்னால் மறையவிருந்த ஒரு நட்சத்திரத்தை ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஜே. சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், அதன் ஒளி முன்கூட்டியே மங்கியதைப் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோளாக இருக்கும் என்று முதலில் எழுதினார்கள். வேறு இடங்களில் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது, மறைத்தது யுரேனஸின் வளையங்கள் என்று தெளிவானது. அளவீடு சரியாக இருந்தது, பொருள் கொண்டதுதான் மாறியது. இதில் யாருக்கும் வெட்கமில்லை.

பெரிய பெயரைக் கண்டு வாயடைத்துப்போவது இன்னொரு தவறு. 2014இல் பப்புவா நியூகினி அருகே எரிந்து விழுந்த விண்கல் வேறொரு சூரியக் குடும்பத்திலிருந்து வந்தது, அது செயற்கைப் பொருளாகவும் இருக்கலாம் என்றார் ஹார்வர்டின் வானியலாளர் அவி லோப். 2023இல் அவர் குழு காந்தச் சறுக்குப்பலகையைக் கடலடியில் இழுத்து, நுண்ணிய உலோக உருண்டைகளைச் சேகரித்தது. அத்தகைய உருண்டைகள் உலகெங்கும் கடலடியில் கிடக்கின்றன என்பது விமர்சகர்களின் முதல் ஆட்சேபம். அடுத்தது இன்னும் சுவாரசியம். விண்கல் வெடித்த அதிர்வு என்று எடுத்துக்கொண்ட நிலநடுக்கமானிப் பதிவை 2024இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ஃபெர்னாண்டோ குழு ஆராய்ந்தது. அதிர்வு வரும் திசை மெல்ல நகர்ந்திருந்தது, அதுவும் பக்கத்துச் சாலையின் போக்கிலேயே. பெரும்பாலும் அது ஒரு லாரி, அப்படியென்றால் தேடிய இடமே தவறாக இருக்கலாம் என்றார்கள். தேடிய இடத்தை முடிவு செய்ததில் அந்தப் பதிவுக்குப் பெரிய பங்கில்லை என்று லோப் மறுக்கிறார், வாதம் தொடர்கிறது. உருண்டைகளைப் பற்றிப் பேசிய வீடியோக்கள் எத்தனையோ வந்தன. லாரியைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு ஃபார்வர்டுகூட வரவில்லை.