கோயில் ஏன் கட்டமாக வருகிறது? எமோஜி போடுவது பற்றி ஒரு டிடிபி கடைக்காரன்

வேலூர் லாங் பஜார் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் எல்லாம் ஒரே மேஜையில். போன ஆடி மாதம் காட்பாடியிலிருந்து ஒரு பெரியவர் கூழ் வார்க்கும் விழா நோட்டீஸுக்கு வாட்ஸ்அப்பில் மேட்டர் அனுப்பினார். போனில் பார்த்தால் அழகாக இருந்தது, மேலே கோயில், பக்கத்தில் அகல் விளக்கு, கடைசியில் கும்பிடும் கை. அதை அப்படியே காப்பி எடுத்து என்னிடம் இருந்த பழைய லேஅவுட் சாஃப்ட்வேரில் ஒட்டினால் கோயில் இருந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி. ப்ரூஃப் பார்க்க வந்தவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இன்னா தம்பி, கோயிலக் காணோம், கொக்கி கொக்கியா கீது?" என்றார்.

இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறது, ஆள்தான் வேறு. அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். எமோஜி பார்க்கத்தான் படம், கம்ப்யூட்டருக்கு அது 'அ', 'ஆ' மாதிரி ஓர் எழுத்து. பெயரே அப்படித்தான், ஜப்பானிய மொழியில் 'எ' என்றால் படம், 'மொஜி' என்றால் எழுத்து. 1999-இல் ஜப்பானில் என்டிடி டொகோமோ கம்பெனிக்காக ஷிகெடகா குரிடா என்பவர் வரைந்த 176 குட்டிப் படங்கள் ரொம்பப் பிரபலம், ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளிக்குள் அடங்கியது. 2010-இல், எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் உலகப் பொதுப் பட்டியலான யூனிகோடு இவற்றையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. நீங்கள் அனுப்புவது அந்த எண்ணைத்தான். படத்தை வரைவது வாங்குகிறவர் மெஷினில் இருக்கும் ஃபாண்ட், அதாவது எழுத்து உருவங்களின் தொகுப்பு. அதனால்தான் ஐபோனில் ஒரு சிரிப்பு, சாம்சங்கில் வேறு சிரிப்பு. அந்த ஃபாண்டில் அந்த எண்ணுக்குப் படமே இல்லை என்றால் கட்டம். அந்த எண்ணையே ஏற்காத பழைய சாஃப்ட்வேர் என்றால் கேள்விக்குறி. பாமினியில் அடித்த ஃபைலை அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து கன்னாபின்னாவென்று எழுத்து வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, எப்படிப் போடுவது?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் விண்டோஸ் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள். எமோஜிப் பெட்டி திறக்கும். இவ்வளவுதான், ஆனால் பத்து வருஷமாக கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களே இதைக் காட்டினால் வாயைப் பிளக்கிறார்கள். பெட்டி திறந்ததும் ஆங்கிலத்தில் 'டீ', 'டெம்பிள்' என்று அடித்தால் தேடித் தரும். கர்சர் எழுதும் இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் தட்டுவது எங்கேயும் போய் விழாது. விண்டோஸ் 7-இல் இந்தப் பெட்டியே கிடையாது, அடிக்கடி தேவைப்படும் இருபது எமோஜியை ஒரு ஃபைலில் சேர்த்து வைத்துக்கொண்டு காப்பி எடுப்பதுதான் வழி.

மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ்பார் மூன்றையும் சேர்த்து அழுத்தணும். குரோம்புக்கில் ஷிஃப்ட், லாஞ்சர் பட்டன், ஸ்பேஸ். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு என் உதவி தேவைப்படாது, இருந்தாலும் க்னோம் செயலிகள் பலவற்றில் கண்ட்ரோலும் புள்ளியும் வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு என்றால் ஸ்மைலி பட்டன் கீழ் வரிசையில் இருக்கும், தெரியவில்லை என்றால் கமா பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், அங்கே ஒளிந்திருக்கும். ஐபோனில் காணவில்லை என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, கீபோர்ட்ஸ் என்று உள்ளே போய் எமோஜியைச் சேர்த்துவிடுங்கள். கை, ஆள் மாதிரியான எமோஜிகளை அழுத்திப் பிடித்தால் ஐந்து தோல் நிறம் வரும், 2015-இல் வந்த வசதி. நம் கையைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மஞ்சள் காமாலைக் கையையே அனுப்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

தினமும் ஒரே எமோஜியைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. ஜிபோர்டு செட்டிங்ஸில் டிக்ஷனரி, பர்சனல் டிக்ஷனரி என்று போய், எமோஜியை வார்த்தையாகவும் ஏதாவது இரண்டெழுத்தைச் சுருக்கமாகவும் போட்டு வைத்தால், அந்த இரண்டெழுத்தை அடித்ததும் எமோஜி மேலே எட்டிப் பார்க்கும். ஐபோனில் இதே வேலைக்கு டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மெண்ட். கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் பயன்படுத்துகிறவர்கள் கோலன் (:) போட்டு, இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்து அடித்துப் பாருங்கள்.

இப்போது அந்தக் கோயிலுக்கு வருகிறேன். கோயில் 🛕, அகல் விளக்கு 🪔, ஆட்டோ 🛺, புடவை 🥻 இந்த நான்கும் 2019 பட்டியலில்தான் வந்தன. நம்முடைய வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததும் அதே வருஷம்தான் என்பதால் எனக்கு மறக்காது. அதற்கு முன்னால் வாங்கி, அப்டேட்டே செய்யாத போனில் இவை கட்டமாகத்தான் தெரியும். ஆனால் அதே போனில் வாட்ஸ்அப்பில் மட்டும் சரியாகத் தெரியலாம், ஏனென்றால் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன்னுடைய எமோஜிப் படங்களைத் தானே கூடவே கொண்டுவருகிறது. "வாட்ஸ்அப்ல தெரியுது, எஸ்எம்எஸ்ல தெரியல, போன் ரிப்பேரா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான், ரிப்பேர் இல்லை. விழா அழைப்பு வயதானவர்களுக்கும் போகிறது என்றால் பழைய எமோஜிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கும்பிடும் கை, பூ, மணி, சூரியன் எல்லாப் போனிலும் தெரியும்.

கொடி வேறு ஒரு வேடிக்கை. ஜூலை 10, 1806-ஆம் வருஷ வேலூர் புரட்சி நினைவு நாளுக்கு ஓர் ஆசிரியர் போனிலேயே தலைப்பு எழுதிக் கொண்டுவந்தார், முன்னும் பின்னும் தேசியக் கொடி. என் கம்ப்யூட்டரில் திறந்தால் கொடி இல்லை, 'ஐ', 'என்' என்று இரண்டு ஆங்கில எழுத்து. கொடி எமோஜி என்பதே நாட்டின் இரண்டெழுத்துக் குறியைச் சேர்த்துக் கட்டியது, விண்டோஸின் எமோஜி ஃபாண்டில் நாட்டுக் கொடிகளுக்குப் படம் இல்லாததால் எழுத்தை மட்டும் காட்டுகிறது. கொடி வேண்டும் என்றால் படமாக வைத்துவிடுங்கள். அவர் கோட்டையும் கேட்டார். கோட்டை எமோஜி இரண்டு உண்டு, ஒன்று ஐரோப்பா பாணி, இன்னொன்று ஜப்பான் கோட்டை. அகழியோடு இருக்கும் நம் கோட்டைக்கு எதுவும் பொருந்தாது, ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள், நடந்து போகிற தூரம்தானே.

குடும்பம் எமோஜியும் இதே கதைதான். தமிழில் 'க'வுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்குறியைச் சேர்த்தால் 'கொ' என்று ஒரே எழுத்தாகத் தெரிகிற மாதிரி, ஆண், பெண், குழந்தை மூன்று எமோஜிக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியை வைத்துத்தான் ஒரே குடும்பமாகக் காட்டுகிறார்கள். அந்தச் சேர்க்கை தெரியாத மெஷினில் மூவரும் தனித்தனியாக நிற்பார்கள், கூட்டுக் குடும்பம் தனிக்குடித்தனம் போன மாதிரி.

ஆபீஸ் வேலை செய்கிறவர்களுக்கு. வேர்டில் 2615 என்று அடித்து உடனே ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்துங்கள், டீக்கப் வரும். 2764 என்றால் இதயம், 2705 என்றால் டிக். பழைய வேர்டில் கலர் வராது, கறுப்புக் கோடாகத்தான் நிற்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. எக்ஸெலில் வரவு செலவுப் பட்டியல் போடுகிறவர்களுக்கு யூனிகார் (UNICHAR) என்ற ஃபார்முலா ரொம்ப உபயோகம். அடைப்புக்குள் 9989 கொடுத்தால் டிக், 10060 கொடுத்தால் பெருக்கல். இதை இஃப் ஃபார்முலாவோடு சேர்த்தால் சீட்டுப் பணம் கட்டியவருக்கு டிக், கட்டாதவருக்குப் பெருக்கல் என்று அதுவே போட்டுக்கொள்ளும். எங்கள் தெரு சீட்டு இப்படித்தான் ஓடுகிறது, சண்டை பாதி குறைந்திருக்கிறது. கூகுள் டாக்ஸில் இன்சர்ட் மெனுவிலேயே எமோஜி இருக்கிறது.

பழைய அவுட்லுக் மெயில்களில் வாக்கிய முடிவில் சம்பந்தமே இல்லாமல் ஆங்கில 'ஜே' எழுத்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அனுப்பியவர் கோலனும் அடைப்புக்குறியும் போட்டுச் சிரித்திருப்பார், சாஃப்ட்வேர் அதை விங்டிங்ஸ் என்ற ஃபாண்டின் சிரிப்பு முகமாக மாற்றியிருக்கும், அந்த ஃபாண்டில் சிரிப்பு உட்கார்ந்திருக்கும் இடம் 'ஜே'. வேறு மெஷினில் ஃபாண்ட் போய்விட்டது, 'ஜே' மட்டும் மிஞ்சியது.

எங்கே போடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கஸ்டமர் கஷ்டப்படுவது இதில்தான் அதிகம். ஆன்லைன் விண்ணப்பத்தில் பெயர், முகவரிக் கட்டங்களில் எமோஜி வேண்டவே வேண்டாம். ஒரு பையன் தன் போனில் சேமித்து வைத்திருந்த முகவரியை ஒட்டினான், 'வீடு' என்பதற்குப் பக்கத்தில் ஒரு வீட்டுப் படம் இருந்தது, நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பிரிண்ட் எடுத்தால் வீட்டுக்கு அப்புறம் முகவரியே இல்லை. காரணம் இதுதான், பைட் என்பது கம்ப்யூட்டரில் இடத்தை அளக்கும் அலகு, பொதுவாகப் பயன்படும் முறையில் தமிழ் எழுத்தோ துணைக்குறியோ ஒன்றுக்கு 3 பைட், எமோஜி பெரும்பாலும் 4 பைட். சில பழைய டேட்டாபேஸ்கள் ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் இடம் தருவதில்லை. தமிழை உள்ளே விட்ட அதே வாசல் எமோஜியைத் தடுத்துவிடும். அப்லோடு செய்யும் ஃபைலின் பெயரிலும் எமோஜி வேண்டாம்.

அப்புறம் எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து. அதில் ஒரே ஒரு எமோஜி சேர்த்தாலும் கணக்கு 70-க்கு இறங்கிவிடும், அந்த எமோஜியே இரண்டு இடத்தைச் சாப்பிடும். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் கடைக்காரர்களே, ஒரு ஸ்மைலிக்காக இரண்டு மெசேஜ் காசு கொடுக்காதீர்கள். தமிழில் அனுப்பினால் ஏற்கெனவே 70-தான், அதனால் எமோஜியால் பெரிய வித்தியாசம் வராது.

அர்த்தம் பற்றியும் ஒரு வார்த்தை. குடியாத்தத்தில் இருக்கும் எங்கள் அத்தை ஒரு சாவுச் செய்திக்கு 😂 போட்டுவிட்டார், கண்ணீர் வருகிறதே, அழுகிறது என்று நினைத்துக்கொண்டு. சின்ன ஸ்க்ரீனில் 😭 இதுவும் அதுவும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. வாட்ஸ்அப்பில் இரண்டு நாளுக்குள் என்றால் எல்லோருக்கும் சேர்த்து அழித்துவிடலாம், மெசேஜை அழுத்திப் பிடித்து டெலீட் ஃபார் எவ்ரிஒன். துக்கத்துக்கு முகமே வேண்டாம் என்பது என் கட்சி, இரண்டு வார்த்தை எழுதி 🙏 போட்டால் போதும். நூறு பேர் இருக்கும் குரூப்பில் நூறு கும்பிடு தனித்தனி மெசேஜாக வந்து, அடக்கம் எத்தனை மணிக்கு என்ற தகவல் மேலே போய் மறைந்துவிடுகிறது. 2022 முதல் ரியாக்ஷன் இருக்கிறது, அந்த மெசேஜையே அழுத்திப் பிடித்து அதன் மேல் போட்டுவிடுங்கள்.

இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் காய்கறி விற்கும் ஓர் அக்கா ஸ்டேட்டஸ் முழுக்கக் கத்தரிக்காயாக நிரப்பினார். காலேஜ் படிக்கும் அவர் மகன் ஓடி வந்து எடுக்கச் சொன்னான், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான். இளைஞர்களின் ஆங்கில சாட்டில் அந்தக் காய்க்கு ஓர் ஆபாச அர்த்தம் உண்டு, அவ்வளவுதான். பக்கத்தில் 'கிலோ' என்றும் விலையும் எழுதியிருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிரியாணிக்குத் தனி எமோஜி கிடையாது, ஆம்பூர்க்காரர்கள் 🍛 போட்டு ஓட்டுகிறார்கள், அது உண்மையில் ஜப்பான்காரர்களின் குழம்புச் சோறு.

பார்வையற்ற நண்பர்கள் குரூப்பில் இருந்தால் வரிசையாகப் பத்துக் கைதட்டல் போடாதீர்கள், ஸ்க்ரீன் ரீடர் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிக்கொண்டே போகலாம். ஒன்று போதும், அதுவும் வாக்கியத்தின் கடைசியில்.

பிரிண்டுக்குக் கொடுக்கும்போது எமோஜியை எழுத்தாக அனுப்பாமல், எந்த இடத்தில் என்ன படம் வேண்டும் என்று தமிழில் எழுதிவிடுங்கள், 'இங்கே கோயில்', 'இங்கே விளக்கு' என்று. கடைக்காரர் நல்ல தரத்தில் ஒரு படத்தை வைத்துவிடுவார். எமோஜியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கினால் பத்தடி ஃப்ளெக்ஸில் உடைந்துபோய்க் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அந்தக் காட்பாடிப் பெரியவருக்குக் கோயிலையும் விளக்கையும் அப்படித்தான் படமாக வைத்துக் கொடுத்தேன். கூழ்ப் பானை கேட்டார். தேடிப் பார்த்ததில் 🏺 ஒன்றுதான் கிடைத்தது. "இது ஊறுகா ஜாடி மாதிரி கீதுப்பா" என்று சொல்லிவிட்டு, தன் வீட்டுப் பானையையே போட்டோ எடுத்து அனுப்பினார்.