லேப்டாப் கொதிக்கிறதா? தெர்மல் பேஸ்ட்டை நீங்களே மாற்றலாம்

பிரவுசரைத் திறந்தாலே ஃபேன் இரைகிறது, மடியில் வைத்தால் தொடை சுடுகிறது என்றால் உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். முதலில் பிராசஸரின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற மென்பொருள், லினக்ஸில் சென்சார்ஸ் (sensors) கட்டளை போதும். சும்மா இருக்கும்போது எவ்வளவு, பத்து நிமிடம் வேலை வாங்கிய பிறகு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். இன்டெல் லேப்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறித்து வைக்காவிட்டால், கடைசியில் “கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு” என்று நம்மை நாமே தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று: பேஸ்ட் எதையும் குளிர்விக்காது. பிராசஸருக்கும், அதன் சூட்டை வாங்கி ஃபேன் பக்கம் கொண்டுபோகும் செம்புப் பாகமான ஹீட்ஸிங்குக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நிற்கும். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு சுமார் 400 என்றால், நல்ல பேஸ்ட் பத்தையொட்டி நிற்கும், காற்றோ 0.026தான். அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். ஆகவே தடிமனாகப் பூசினால் நஷ்டம் நமக்கே.

தேவையானவை: சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், காலாவதியான ஏடிஎம் கார்டு, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோபைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி. சானிடைசர் வேண்டாம், அதில் கிளிசரின் கலந்திருக்கும். பேஸ்ட்டில் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நாக்டுவா என்டி-எச்2 இரண்டுமே மின்சாரம் கடத்தாதவை, புதியவர்களுக்கு ஏற்றவை. பேஸ்ட்டுக்குப் பதிலாகப் பூசும் திரவ உலோகமான லிக்விட் மெட்டல் பக்கம் போகாதீர்கள். அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரிக்கும், சிந்தினால் போர்டே ஷார்ட் ஆகிவிடும்.

கழற்றுவது

திங்க்பேட் டி480-ஐ எடுத்துக்கொள்வோம். இதில் வெளியே ஒரு பேட்டரி, உள்ளே ஒன்று. வெளியே இருப்பதைக் கழற்றினால் மட்டும் போதாது. ஆன் செய்யும்போது எஃப்1 அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே வரும் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் (BIOS) போய், கான்ஃபிக், பவர் பகுதியில் உள் பேட்டரியை முடக்குங்கள். மற்ற லேப்டாப்களில் மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவதுதான் முதல் வேலை.

ஸ்க்ரூக்கள் கையோடு வந்துவிட்டால், ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நீளம் மாறிப் போட்டால் போர்டில் குத்தும்.

ஃபேன் கேபிளைக் கனெக்டரைப் பிடித்து எடுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். முதல்முறை நான் அவசரப்பட்டு இழுத்ததில் போர்டிலிருந்த சாக்கெட்டே கையோடு வந்துவிட்டது. அப்புறம் சால்டரிங் கடைதான்.

ஹீட்ஸிங்கில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருந்தால், தலைகீழ் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்டு வரவில்லையா? நெம்ப வேண்டாம். லேசாகப் பக்கவாட்டில் அசைத்தால் விட்டுவிடும்.

சுத்தம் செய்வது

ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே எட்டிப் பாருங்கள். அங்கே கம்பளி மாதிரி தூசி படிந்திருக்கும். பல லேப்டாப்களில் பாதிச் சூட்டுக்குக் காரணமே இதுதான். இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுங்கள். பிறகு பிராசஸரிலும் ஹீட்ஸிங்கிலும் உள்ள பழைய பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காயவிடுங்கள்.

பக்கத்துச் சில்லுகளின் மேல் ரப்பர் மாதிரி தெர்மல் பேட் இருந்தால் அதைத் தொடாதீர்கள். கிழிந்திருந்தால் அதே தடிமனில் புது பேட்தான் வாங்க வேண்டும். அந்த இடைவெளியைப் பேஸ்ட் நிரப்பாது.

பூசுவது

டெஸ்க்டாப்பில் நடுவில் ஒரு பொட்டு வைத்தால் போதும். லேப்டாப் பிராசஸருக்கு மேலே உலோக மூடி கிடையாது, சிலிக்கான் அப்படியே திறந்திருக்கும். ஒரு மூலை விடுபட்டாலும் அந்த இடம் கொதிக்கும். ஆகவே பாதிப் பச்சைப்பயறு அளவு வைத்து, கார்டின் ஓரத்தால் மூலைவரை மெல்லிசாக இழுத்துவிடுங்கள்.

ஹீட்ஸிங்கை நேராக இறக்கி, எண் வரிசையில் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அரைச்சுற்று, அரைச்சுற்றாக இறுக்குங்கள். எண் இல்லாவிட்டால் குறுக்குக் குறுக்காக. ஒன்றை மட்டும் முழுக்க முறுக்கினால் சாய்ந்து, சிலிக்கானின் மூலை உடைந்துவிடக்கூடும். பேஸ்ட் பிராண்டைவிட எனக்கு இந்த இடத்தில்தான் பயம் அதிகம்.

ஃபேன் கேபிளை மாட்டி மூடுங்கள். டி480-இல் சார்ஜரைச் செருகியதும் உள் பேட்டரி மறுபடி உயிர் பெறும். திரையில் ஃபேன் எரர் வந்தால் அந்த கேபிள் சரியாக உட்காரவில்லை.

சரி, பழைய அதே வேலையைக் கொடுத்துத் திரும்ப அளந்து பாருங்கள். குறையவில்லை என்றால் ஹீட்ஸிங்கைத் தூக்கி, பேஸ்ட்டில் பதிந்த அச்சைப் பாருங்கள். எந்தப் பக்கம் அமுங்கவில்லை என்று அதுவே காட்டிவிடும். தூக்கிய பிறகு அதே பேஸ்ட்டோடு மூடிவிடாதீர்கள், துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் பூச வேண்டும்.