டிரெய்லர் சஸ்பென்ஷன்: புஷ்ஷில் கண் வையுங்கள்

பயண டிரெய்லரின் சஸ்பென்ஷன் தேய்வது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் உட்கார்ந்திருப்பது முன்னால் போகும் வண்டியில். அதனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது, நீண்ட பயணத்துக்கு முன்பு கண்டிப்பாகவும், அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தூக்குவதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள்: ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா, கமான் பட்டை வளைவு இழந்து தட்டையாகிவிட்டதா, இரண்டு ஆக்சில் உள்ள டிரெய்லர் என்றால் முன் பின் கமான் பட்டைகளை நடுவில் இணைக்கும் ஈக்வலைசர் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதா. அப்புறம் டயர் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று இருந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம், இல்லை இடம் நகர்ந்திருக்கலாம்.

சரி, இனி தூக்கலாம். இழுக்கும் வண்டியில் மாட்டியபடியே இருக்கட்டும், மறுபக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை சேஸிஸில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக்கி வைக்கவே கூடாது, குழாய் வளைந்துவிடும்.

இப்போது முக்கியமான இடம், கமான் பட்டையின் முனையைப் பிடித்திருக்கும் ஷேக்கிள் என்ற இணைப்புத் தகடுகளும் அவற்றின் போல்ட்டும். போல்ட்டைச் சுற்றி உறை மாதிரி இருப்பதுதான் புஷ். பல டிரெய்லர்களில் கம்பெனியே போட்டு அனுப்புவது பிளாஸ்டிக் புஷ், கிரீஸ் போகவும் வழி இருக்காது. அது தேய்ந்து தீர்ந்ததும் போல்ட் நேராகப் பட்டை முனையின் வளையத்தில் உரசும், போல்ட் மெலியும், ஷேக்கிள் தகட்டில் வட்டமாக இருந்த ஓட்டை முட்டை வடிவத்துக்கு இழுபடும், கடைசியில் ஓடும்போதே அறுந்து ஆக்சிலே பின்னால் தள்ளிப் போகும். போல்ட் தலையைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருப்பொடி உதிர்ந்திருந்தால் உள்ளே உலோகம் உலோகத்தோடு தேய்கிறது என்று அர்த்தம். நெம்புகோலால் ஷேக்கிளை நெம்பிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் யோசிக்காமல் கழற்றுங்கள்.

மாற்றும்போது வெண்கல புஷ், கிரீஸ் நிப்பிள் உள்ள போல்ட், தடிமனான ஷேக்கிள் மூன்றையும் சேர்த்தே போட்டுவிடுவதுதான் என் கருத்து, கழற்றும் வேலை எப்படியும் ஒன்றுதான். இந்த போல்ட்டுகளின் கழுத்தில் பல் இருக்கும், அது தகட்டைக் கடித்து நிற்க வேண்டும், ஆகவே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். கிரீஸ் வெளிவரும் துளை மேலோ கீழோ இல்லாமல் பக்கவாட்டில், கடிகாரத்தில் 3 அல்லது 9 இருக்கும் பக்கம் பார்த்து இருக்கட்டும், எடை அழுத்தும் பக்கத்தில் துளை வந்தால் அடைபட்டுக் கிரீஸ் ஏறாது. கிரீஸ் அடிக்கும்போதும் சக்கரத்தில் எடை இல்லாமல் இருந்தால் எல்லாப் பக்கமும் பரவும்.

பட்டைகளில் விரிசல், சேஸிஸில் பட்டையைத் தாங்கும் ஹேங்கர் ஒட்டியிருக்கும் வெல்டிங்கில் முடி போன்ற கீறல், இரண்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்சிலைப் பட்டையோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதை மறுபடி போடாமல் புதிது வாங்குங்கள்.

கமான் பட்டைக்குப் பதில் குழாய்க்குள் ரப்பர் வைத்த டார்ஷன் ஆக்சில் என்றால் இந்த வேலையெல்லாம் இல்லை, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரு பக்கக் கைகளும் ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். அந்தக் குழாயில் மட்டும் வெல்டிங் வைக்காதீர்கள், சூட்டில் ரப்பர் போய்விடும்.

வேலைக்காகக் கழற்றிய சக்கரத்தை மாட்டியதும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் வீல் நட்டை இறுக்கி, 80 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, 160-இல் இன்னொரு முறை சரிபாருங்கள்.